வங்காபேயில் இரண்டாம் அடக்கம்

1710ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக்குப் பின் வந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பிரஷ்ய நாட்டின் சாம்லாந்துக் கடற்கரையிலுள்ள வங்காபே ஊர்த் தேவாலயத்தில் பிரசங்கம் பாதி நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் குளிர்காலத்தில் கொள்ளைநோயில் இறந்து புதைக்கப்பட்டவர்களில் நூற்று நாற்பத்து மூன்று பேர் உள்ளே வந்து மேற்குச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். பனி உருகிய சேறு இன்னும் காயாததால் எல்லோருக்கும் முழங்கால் வரை ஈரம். கிழங்கு போட்டுவைக்கும் நிலவறையைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் அவர்களிடமிருந்து வந்தது; அழுகல் நாற்றம் எதுவும் இல்லை. போதகர் ஹார்ட்விக் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார், தண்ணீர் குடித்தார், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வாக்கியத்தை முடித்தார். ஆசீர்வாதம் ஆனதும் வந்தவர்கள் அவரவர் வீட்டாரின் பின்னால் நடந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். குடும்பமே செத்து அடைத்துக் கிடந்த வீடுகளுக்கு உரியவர்கள் கதவைத் தாங்களே திறந்துகொண்டார்கள். கோயில் மணியடித்துக் குழியும் வெட்டிவந்த யுர்கே, தன் தலையில் பழி விழுந்துவிடும் என்று பயந்து, வாசலிலேயே நின்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்: “நாலடிக்குக் குறையாம வெட்டியிருக்கேன். உறைஞ்ச மண்ணு, கடப்பாரையே வளைஞ்சுது. யாரு வேணா வந்து அளந்து பாருங்க, குழியில குத்தமில்ல.”

வந்தவர்கள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அடுப்புக்குப் பின்னாலோ கதவு மூலையிலோ ஓர் இடம் பார்த்து நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நின்ற இடத்தில் தரையில் உறைபனி படர்ந்தது. வெளியே மே மாத வெயிலில் ஆப்பிள் மரம் பூத்திருக்கும்போது வீட்டுக்குள் அந்த ஓரடி வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவர்கள் நின்ற வீட்டில் ரொட்டி மாவு புளித்து எழும்பவில்லை. மாடுகள் தொழுவத்துக்குள் பின்பக்கமாகவே நுழைந்தன. செத்தவர்களுக்குக் கண் இருந்தது, அது ஆளைத் தொடர்ந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. யுர்கேயின் வீட்டுக்கு அவனுடைய மாமியார் வந்திருந்தாள். “உசுரோட இருந்தப்ப நாளுக்கு நாப்பது வசவு வைவா, அதைத் தாங்கிட்டேன்” என்று அவன் பீர்க்கடையில் புலம்பினான். “இப்ப வாயே தெறக்காம என்னையவே பாக்குறா. இதைத்தான் தாங்க முடியல.”

அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் இருநூற்று முப்பத்தொரு பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். வராதவர்கள் யார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு அடுப்பின் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. இளவட்டங்களும் வரவில்லை, ஊரிலிருந்த ஜெர்மானியக் குடும்பங்களில் செத்தவர்களும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள், வீட்டிலும் வயலிலும் பழைய பிரஷ்ய மொழியைத் தவிர வேறு பேசாதவர்கள். ஜெர்மானியர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வந்து நாட்டை எடுத்துக்கொண்டார்கள், பிறகு பிரஷ்யர் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். மொழியை மட்டும் வேண்டாமென்று விட்டுவைத்தார்கள். அது இப்படிப்பட்ட கிழவர் கிழவிகளிடம் தங்கியிருந்தது. புதைக்கும்போது போதகர் சொன்ன ஜெர்மன் வார்த்தைகள் அவர்களுக்குப் புரியவில்லை. “மண்ணுக்குத் திரும்பு, சமாதானமாய் இளைப்பாறு” என்று சொல்லப்பட்டது பிள்ளைகளுக்குப் புரிந்தது, அவர்கள் போய்விட்டார்கள். பெரியவர்கள் யாராவது வந்து சொல்வார்கள் என்று குளிர்காலம் முழுதும் படுத்தபடி காத்திருந்து, யாரும் சொல்லாததால் எழுந்து வந்துவிட்டார்கள். இதை ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. எல்லோருடைய கண்ணும் துபாஷி கிளாந்தேயின் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கிளாந்தேக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அவருடைய அப்பாவும் துபாஷி, தாத்தாவும் துபாஷி. பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு முக்காலி இருந்தது. போதகர் மேலே ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். முக்காலியில் நிற்கும் துபாஷி அதை ஊர்மொழியில் சொல்லுவார். முப்பது ஆண்டுகள் கிளாந்தே அந்த வேலையைச் செய்தார். ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. கொள்ளைநோய்க்கு இரண்டு ஆண்டு முன்பு புதிதாக வந்த ஹார்ட்விக், முப்பது வயதுகூட நிரம்பாதவர், ஒரே பிரசங்கத்தை இரண்டு வாய் சொல்வதால் நேரம்தான் இரட்டிப்பாகிறது, இனி எல்லோருக்கும் ஜெர்மன் போதும் என்று துபாஷியை நிறுத்திவிட்டார். கிளாந்தே முக்காலியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனார். குளிர்காலத்தில் சவ வண்டிகள் வரிசையாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். போதகரின் ஜெர்மன் உறைந்த மண்ணின் மேல் விழுந்து சிதறுவதைக் கேட்டார். உள்ளே போய் நாலு வார்த்தை சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். வேண்டாமென்றவர் வாயால் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டார். அவருடைய மனைவி நமேதாவை ஜனவரியில் புதைத்தபோதும் வேலிக்கு வெளியேதான் நின்றார்.

நமேதா அவரோடு பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்குத் துல்னே என்று ஒரே தம்பி, மீன்பிடிப்பவன். சாம்லாந்துக் கரையில் கடல் மீனை மட்டும் தருவதில்லை, புயலுக்குப் பிறகு மஞ்சள் அம்பர் கல்லையும் துப்பும். மீன் பிடித்தவனுக்கு, கல் மன்னருக்கு. கரைக் காவலர்கள் குதிரையில் ரோந்து வருவார்கள், கல் எடுப்பவனைத் தொங்கவிட அதற்கென்றே மணல்மேட்டில் தூக்குமரம் நட்டிருந்தது. துல்னேயின் வலைப் பையில் முட்டை அளவில் இரண்டு கற்கள் இருந்தன. மன்றத்தில் அவன் சொன்னதை ஜெர்மனில் சொல்லும் வேலை கிளாந்தேக்கு வந்தது. துல்னே சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் இருந்தது. ஊர்மொழியில் எடுத்தேன் என்பதற்கும் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன் என்பதற்கும் அதே சொல்தான். எடுத்தவனுக்குத் தூக்கு. தெரியாமல் வலையில் வந்ததை வைத்திருந்தவனுக்குச் சவுக்கடி. நீதிபதி பேனாவை மையில் தோய்த்துக் கிளாந்தேயின் முகத்தைப் பார்த்தார். கிளாந்தே “எடுத்தேன் என்கிறான்” என்றார். நமேதா மன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள், கஞ்சி வைத்தாள், அவருடைய சட்டையைத் தைத்தாள், பதினோரு ஆண்டு ஒரே கட்டிலில் படுத்தாள்; ஒரு வார்த்தை பேசவில்லை. நோயில் கிடந்த மூன்று நாளும் பசுவோடு பேசினாள், ஊர் வழக்கப்படி தேன்கூட்டுக்கு ஆள் அனுப்பித் தான் சாகப்போவதைத் தேனீக்களுக்குச் சொல்லச் சொன்னாள். அவரைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மூன்றாம் ஞாயிறு அவளும் வந்திருந்தாள். கிளாந்தேயின் பின்னால் பத்தடி விட்டு நடந்துவந்து, உயிரோடிருந்தபோது எந்த இடத்தில் நின்று ரொட்டிக்கு மாவு பிசைவாளோ அந்த இடத்தில் நின்றாள். “வா” என்றார் கிளாந்தே. பிறகு அடுப்பை மூட்டப் போனார்.

ஊரார் முதலில் பழைய வழியை முயன்றார்கள். போதகருக்குத் தெரியாமல் கறுப்புப் பழப் புதரின் அடியில், மண்ணுக்குக் கீழே வாழும் குட்டி மனிதர்களுக்காக ரொட்டியும் வெண்ணெயும் பீரும் வைத்தார்கள். செத்தவர்களுக்கான விருந்து வைத்து, கத்தி இல்லாமல் சாப்பிட்டு, ஒவ்வொரு கவளத்திலும் கொஞ்சம் மேசைக்குக் கீழே போட்டு, கடைசியில் வீட்டைப் பெருக்கி, சாப்பிட்டாயிற்று, குடித்தாயிற்று, வெளியே போங்கள் என்று சொன்னார்கள். அது பசித்து வரும் ஆவிகளுக்கான சடங்கு. இவர்களுக்குப் பசி இல்லை. துடைப்பம் காலில் பட்டபோது காலைத் தூக்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மே கடைசியில் ஒரு மத்தியானம் போதகர் ஹார்ட்விக் கிளாந்தேயின் வீட்டுக்கு வந்தார். கிளாந்தே முற்றத்தில் தட்டைமீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார். போதகர் உள்ளே எட்டிப் பார்த்தார், நமேதா அவரைப் பார்த்தாள், அவர் முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நீ பழையபடி முக்காலியில வந்து நிக்கணும்.”

“அந்த முக்காலிய அடுப்பெரிச்சிட்டதா யுர்கே சொன்னானே.”

போதகரின் காது சிவந்தது. “வேற செய்யச் சொல்றேன்.”

“பிரசங்கம் கேட்டா போயிடுவாங்கன்னு நெனைக்கிறீங்களா ஐயா? அவங்க பிரசங்கத்துக்கு வரல. பாதியில விட்ட வேலைக்கு வந்திருக்காங்க. ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க குழிகிட்ட கூட்டிட்டுப் போயி, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நீங்க சொல்லணும், பின்னாலயே நான் சொல்லணும்.”

“நூத்தி நாப்பத்தி மூணு பேருக்குமா?”

“ஆமா. முதல்லயே செஞ்சிருந்தா இந்தப் பாடு இல்ல.”

போதகர் புகையில் கண்ணைக் கசக்கினார். “இது உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏன் வந்து சொல்லல?”

“நீங்க கூப்பிடல.”

கிளாந்தே மீனைத் திருப்பிப் போட்டார். பிறகு போதகர், பெந்தெகொஸ்தே முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் அடக்கம் பெந்தெகொஸ்தேக்கு அடுத்த நாள் தொடங்கி, ரை அறுவடை முடியும் வரை நடந்தது. ஒரு நாளைக்கு நான்கு பேர், சில நாள் மூன்று. யுர்கே குழியைத் திறந்துவைப்பான். செத்தவர் தன் வீட்டாரோடு நடந்துவந்து விளிம்பில் நிற்பார். போதகர் ஒரு வாக்கியம், கிளாந்தே ஒரு வாக்கியம். கடைசி வாக்கியம் ஊர்மொழியில் முடிந்ததும் செத்தவர் தலையை அசைத்துவிட்டு, படகில் இறங்குபவர் போல ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் படுத்தார். தேன் வளர்த்த ஒரு கிழவர் மட்டும் நடுவில் கையை உயர்த்தி ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்லக் கேட்டார். சொன்னதும் திருப்தியாக இறங்கினார். யுர்கேயின் மாமியார் விளிம்பில் நின்று மருமகனை மேலும் கீழும் பார்த்தாள். “என்னையப் பாக்காத அத்தே” என்றான் யுர்கே, “நான் போகச் சொல்லல, ஐயாதான் சொல்றாரு.” ஒவ்வொருவராகப் போகப் போக வீடுகளில் உறைபனி கரைந்தது, மாவு எழும்பியது. முப்பதாவது ஆளுக்கு அப்புறம் போதகர் கிளாந்தேயை நீங்கள் என்று அழைக்கத் தொடங்கினார். எழுபதாவது ஆளுக்கு அப்புறம், கிளாந்தே சொல்லும்போது போதகரின் உதடும் கூடவே அசைவதை யுர்கே பார்த்தான்.

கிளாந்தே சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்று யார் யார் போனார்கள் என்று நமேதாவிடம் சொல்லுவார். யார் அழுதார்கள், யார் வீட்டார் வராமல் ஏமாற்றினார்கள், யுர்கே எப்படி வழுக்கிக் குழியில் விழுந்தான். அவள் பேசாததால் தானும் பேசாமல் விட்ட பதினோரு ஆண்டுப் பேச்சு அவருக்குள் இருந்தது. அது மூட்டையிலிருந்து அவிழ்ந்த தானியம்போல் கொட்டியது. அவள் கேட்டாள். கேட்கிறாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. ஒருநாள், அன்று போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகையில், அவர் ஒரு பெயரில் நின்றுவிட்டார். அவர் சொல்லும் ஒரு நகைச்சுவையைப் புரிந்துகொண்டு சிரிக்கக்கூடியவர்களைத்தான் அவர் நாளுக்கு நான்கு பேராக அனுப்பிக்கொண்டிருந்தார். உயிரோடிருந்தவர்களில் ஊர்மொழி தெரிந்தவர்கள் நான்கைந்து பேர், அவர்களுக்கும் திட்டுவதற்கும் மாட்டை ஓட்டுவதற்கும் மட்டுமே அது வரும். அதன் பிறகு நமேதாவின் முறையை அவர் தள்ளிப்போட்டார். இன்று தலைவலி என்றார், இன்று மழை என்றார். நூற்று நாற்பத்திரண்டு பேர் போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகியும் அவர் வீட்டுத் தரையில் மட்டும் பனி இருந்தது. அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். யுர்கேதான் கடைசியில் வாசலில் வந்து நின்று சொன்னான்:

“அண்ணே, ஊர்ல எல்லாரும் அவங்கவங்க ஆளை அனுப்பிட்டாங்க. நீ மட்டும் வச்சிக்கிட்டுக் குடும்பம் நடத்துற. உசுரோட இருந்தப்ப பேசாதவ, இப்பவா பேசப்போறா?”

“குழியத் தெறந்து வை” என்றார் கிளாந்தே. “நாளைக்குக் கூட்டிட்டு வரேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு நமேதா குழியின் விளிம்பில் நின்றாள். போதகர் சொன்னார், கிளாந்தே சொன்னார். கடைசி வாக்கியமும் முடிந்தது. அவள் தலையை அசைக்கவில்லை. காலை எடுத்து வைக்கவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார்கள், மூன்றாம் முறையும் சொன்னார்கள். போதகர் புத்தகத்தை மூடினார்.

“ஏதாவது மாத்திச் சொல்லிட்டீங்களா?”

“முப்பது வருஷத்துல நான் ஒரு சொல்லை மாத்தினதில்ல” என்றார் கிளாந்தே. சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது நமேதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையைக் குழிக்குள் இறக்கினார்.

“இன்னொரு தடவை வேணாம் ஐயா” என்று யுர்கே குறுக்கே வந்தான். “மூணுக்கு மேல கேட்டா பத்தோல்ஸே எழுந்து வந்துடுவான்.” பத்தோல்ஸ் என்பது செத்தவர்களை ஆளும் பழைய கிழவனின் பெயர்; போதகர் முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அன்று போதகர் அதைக் கண்டுகொள்ளவில்லை. யுர்கே கிளாந்தேயின் பக்கம் திரும்பினான். “அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். நமேதா அக்காவுக்கு ஜெர்மன் தெரியாதா என்ன? சந்தையில மீனு விக்கிறப்ப, நாறுதுன்னு சொன்ன தையக்காரன் பொண்டாட்டிய ஜெர்மன்லயே கிழிகிழின்னு கிழிச்சதை நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். ஐயா குளிர்காலத்துல சொன்னதே அதுக்குப் புரிஞ்சிருக்குமே.”

“அப்ப எதுக்கு வந்தாங்க?” என்றார் போதகர்.

நமேதா திரும்பி, கல்லறைத் தோட்டத்தின் வாசலைக் கடந்து, கடலுக்குப் போகும் பாதையில் நடந்தாள். கிளாந்தே பின்னால் போனார். மற்ற இருவரும் வேலியோடு நின்றுவிட்டார்கள்.

தூக்குமரம் இருந்த மணல்மேட்டில், அதற்கு ஐந்தடி தள்ளி இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிறக் கம்பம் ஒன்று இருந்தது. அதை நட்டவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. கரைக் காவலர்கள் வெகுநாளாக அதில்தான் குதிரையைக் கட்டிவந்தார்கள். அன்றும் ஒரு காவலனின் குதிரை அதில் கட்டியிருந்தது. காவலன் மேட்டின் மறுபக்கம் உட்கார்ந்து வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டிருந்தான். நமேதா நேராகக் கம்பத்திடம் போய், அதன் தலைப்பக்கம் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டாள். கம்பம் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. மணலும் காற்றும் பதினோரு ஆண்டு தேய்த்ததில் மூக்கும் காதும் வழுவழுவென்று ஆகியிருந்தன. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், குதிரையின் கயிறு அதில்தான் சரியாக உட்கார்ந்திருந்தது. தூக்கில் போடப்பட்டவனுக்குக் குழியும் கிடையாது, வார்த்தையும் கிடையாது. கயிறு இற்று விழுந்த இடத்தில் அவன் எழுந்து நின்றிருக்கிறான்; மணல் வந்து இடுப்பு வரை மூடியிருக்கிறது.

“யோவ் பெரியவரே!” என்று காவலன் சத்தம் போட்டான். “குதிரைகிட்டப் போகாத, உதைக்கும்.”

“குதிரைய அவுத்துக்கங்க” என்றார் கிளாந்தே ஜெர்மனில். “அது கம்பம் இல்ல.”

“பின்ன?”

“என் மச்சான்.”

காவலன் எழுந்து வந்து பார்த்தான். வாயிலிருந்ததை மெல்லாமல் விழுங்கினான். குதிரையை அவிழ்த்துத் தள்ளி நிறுத்தினான்.

கிளாந்தேக்கு மன்றம் நினைவுக்கு வந்தது. நீதிபதியின் பேனா நுனியில் தொங்கிய மைத்துளி, தன் முகத்தில் பதிந்த அந்தக் கண். அது எந்தச் சொல்லை எதிர்பார்த்தது என்று அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரியும். எஜமானின் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதையே எடுத்துக் கொடுத்தார். அதைத் துல்லியம் என்று தனக்குத்தானே பதினோரு ஆண்டு சொல்லிக்கொண்டார். துல்னே அந்தச் சொல்லுக்கு முன்னால் கடலைச் சொல்லியிருந்தான். கடலைச் சொன்னால் அதற்கு வாங்கிக்கொண்டேன் என்றுதான் பொருள், எடுத்தேன் என்று வரவே வராது. மாடு மேய்க்கிறவனுக்குக்கூட அது தெரியும்.

“ஐயா, ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று அவர் காவலனைப் பிடித்து நிறுத்தினார். “நான் மன்றத்துத் துபாஷி. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு சொல்லைத் தப்பாச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். இவன் எடுத்தேன்னு சொல்லல. கடல் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டேன்னு சொன்னான். உங்க ஆளுங்கள்ல ஒருத்தராவது அதைக் கேட்டுக்கணும்.”

“எனக்கு அதுக்கெல்லாம் அதிகாரம் இல்லையே.”

“காது இருக்குல்ல?”

காவலன் குதிரையைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற செத்த பெண்ணைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். “இருக்கு. கேட்டுக்கிட்டேன்” என்றான்.

கிளாந்தே துல்னேயின் பக்கம் திரும்பி அடக்கத்தின் வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. முப்பது ஆண்டில் அவர் எந்த வாக்கியத்தையும் தானாக ஆரம்பித்ததில்லை. மேலிருந்து ஒரு வாக்கியம் வரும், அதைத்தான் சொல்லுவார். பழக்கத்தில் அவர் காத்திருந்தார். கடல் மட்டும் இரைந்தது. வெகுநேரம் கழித்து, “துல்னே, இது நான், கிளாந்தே” என்று ஊர்மொழியில் ஆரம்பித்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. புத்தகத்தில் இருந்ததும் வந்தது, இல்லாததும் வந்தது. முடித்தபோது துல்னே தலையை அசைத்தான், நின்றபடியே நேராக மணலுக்குள் இறங்கினான். அவன் நின்ற இடத்தில் ஊறிய உப்புத் தண்ணீரைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது.

“இப்பத்தான் சரியாச் சொன்ன” என்றாள் நமேதா.

கிளாந்தே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திரு. காத்து இந்த அடி அடிக்குது, கம்பளி எடுத்துட்டு வரணும்னு தோணலையா? இந்த வயசுல இருமிக்கிட்டுக் கெடந்தா யார் பாக்குறது?”

செத்தவர்களுக்குப் பேச்சு வராது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். மற்ற நூற்று நாற்பத்திரண்டு பேரும் பேசியிருக்க முடியுமா, பேச விரும்பாமல் இருந்தார்களா என்பதை இனி யாரும் அறிய முடியாது. நமேதா குழிக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து தன் இடத்தில் நின்றாள், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செத்தவளுக்கு எதற்கு இரண்டு மொழி என்று ஜெர்மனை விட்டுவிட்டாள். போதகர் ஒருமுறை வந்து, எப்போது போவதாக உத்தேசம் என்று மரியாதையாக விசாரித்தார். நமேதா நீளமாக ஏதோ சொன்னாள். “போறப்பப் போறேங்குறா” என்றார் கிளாந்தே.

“அவங்க அதைவிட நிறையச் சொன்னாங்களே.”

“மீதி எனக்கு.”

அந்த வீட்டில் ரொட்டி எழும்பவே இல்லை. கிளாந்தே பதினாறு ஆண்டு தட்டை ரொட்டி தின்று அதற்குப் பழகிவிட்டார். 1712ஆம் ஆண்டு, ஆளில்லாத வீடுகளில் குடியேற மேற்கிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு நாசாவ் நாட்டிலிருந்து லீஸ்பெத் என்ற புதுப்பெண் வந்தாள். முதல் மாதம் அவள் வேலிப்பக்கமே வரவில்லை. இரண்டாம் மாதம் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் மாதம், கிழவனும் செத்த கிழவியும் போடும் சண்டையில் ஒரு சொல் புரியாவிட்டாலும், யார் பக்கம் நியாயம் என்று கணவனிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். பெரும்பாலும் கிழவி பக்கம்தான்.

1726ஆம் ஆண்டு வாற்கோதுமை அறுவடையின்போது கிளாந்தே இறந்தார். ஹார்ட்விக் அவரை ஜெர்மனில் அடக்கம் செய்தார். அந்த மொழி தெரிந்தவர் என்பதால் கிளாந்தே அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு எல்லோரும் மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. நமேதா மூன்று வாரம் தனியாக இருந்தாள். அவளை அனுப்பிவைக்கலாமா என்று பேச்சு வந்தது. ஆனால் அவள் யார் சொல்லியும் போகிறவள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஒரு மழைநாளில் கூரை உத்தரம் விழுந்தது. லீஸ்பெத் போய்க் கையைப் பிடித்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். கை எப்படி இருந்தது என்று பெண்கள் கேட்டார்கள். “கிணத்துக் கல்லு மாதிரி இருந்துச்சு, ஆனா கெட்டியாப் பிடிச்சிக்கிட்டாங்க” என்றாள். ரொட்டிக்கு என்ன செய்வாய் என்று கணவன் கேட்டதற்கு, “அண்ணி வீட்டு அடுப்புல சுட்டுக்கலாம், அதுக்காக ஒரு மனுஷிய மழையிலயா விடுறது?” என்றாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. லீஸ்பெத்துக்குப் பதினான்கு ஆண்டு காத்திருந்து பிறந்த எல்சேயின் தொட்டில், தரையின் பனி படாத தூரத்தில், ஆனால் நமேதாவின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நாள் முழுதும் அவள் தொட்டிலை ஆட்டியபடி பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுவருடம் எல்சே முதல் வார்த்தை பேசியது. “வுந்தன்” என்றது. வீட்டில் யாருக்கும் புரியவில்லை. குழந்தை காலை உதைத்து மறுபடி மறுபடி அதையே சொல்லி அழுதது. கணவன் ஓடிப்போய் ஹார்ட்விக்கைக் கேட்டான். அவருக்கு அடக்க ஆராதனை முழுவதும் ஊர்மொழியில் மனப்பாடம், ஆனால் அதில் அந்தச் சொல் வரவில்லை. ரொட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள், துப்பியது. பாலைக் கொடுத்தார்கள், தட்டிவிட்டது. லீஸ்பெத் கிணற்றிலிருந்து வாளியோடு உள்ளே வந்தபோது குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சிரித்தது. லீஸ்பெத் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தாள், நமேதா ஆமென்று தலையசைத்தாள். அன்று முதல் அந்த வீட்டில் தண்ணீருக்கு இரண்டு பெயர். அடுத்த வாரம் நாய்க்கும்.